பேதுரு யாருக்குப் பயந்தார்?

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு சாட்சி அடிக்கடி காதில் விழும். “நான் யாருக்கும் பயப்படுகிற ஆள் கிடையாது. மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். கர்த்தர் எனக்கு அப்படியொரு தைரியம் கொடுத்திருக்கிறார்.” சொல்கிறவர் பெருமையாகத்தான் சொல்வார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மருமகள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருப்பாள்.

இன்னொரு பக்கம், “சபைக்குள் சமாதானம்தான் முக்கியம், எதையும் கிளற வேண்டாம்” என்று எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறவர்கள். அவர்கள் கையிலும் வசனம் இருக்கும். கிறிஸ்தவத் தைரியம் என்ற சொல் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அர்த்தம் தேய்ந்துபோயிருக்கிறது. முதல் கூட்டத்துக்கு அது குரலின் உயரம். இரண்டாவது கூட்டத்துக்கு அது போதகர்களுக்கும் இரத்தசாட்சிகளுக்கும் மட்டும் கிடைக்கிற வரம். அந்தச் சொல் வேதாகமத்தில் வரும் இடங்களைப் போய்ப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. இறையியல் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

## உப்பு இல்லை என்று யார் சொல்வது?

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். குழம்பில் உப்புப் போட மறந்தாயிற்று. விருந்தாளி என்ன சொல்வார்? “பிரமாதம், இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்” என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டு ஏழு வயதுப் பையன் முதல் வாயிலேயே “அம்மா, உப்பே இல்லை” என்பான்.

பையன் பெரிய வீரனா? இருட்டினால் கொல்லைப்புறம் போகப் பயப்படுகிறவன் அவன். ஆனால் ஒரு வார்த்தையால் அந்த வீட்டில் அவனுடைய இடம் போய்விடாது. அதை அவன் யோசித்துப் பார்ப்பதுகூடக் கிடையாது. விருந்தாளிக்கு அப்படியில்லை. அடுத்த முறை வந்தால் முகம் எப்படி இருக்கும் என்ற கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. மாதக் கணக்கில் பற்று வைத்து மளிகை வாங்குகிற கடை ஒன்று. துவரம்பருப்பு எடை குறைகிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. கேட்க வாய் வருமா? வராது. நோட்டில் நம் பெயருக்கு நேராக ஒரு தொகை நிற்கிறது. நம்மைவிட வாயில்லாத ஒருவர், ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர், “தட்டைக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டுப் பையனுக்கு அங்கே உரிமை இருக்கிறது. ரொக்கம் கொடுக்கிறவருக்கு அங்கே கடன் இல்லை. இரண்டு பேருமே சுபாவத்தில் துணிச்சல்காரர்கள் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால், இனி வருவது சுலபமாகப் புரியும்.

## பர்ரேசியா

புதிய ஏற்பாட்டில் நம் தமிழ் மொழிபெயர்ப்பு ‘தைரியம்’ என்று சொல்லும் பல இடங்களில் மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பர்ரேசியா. ‘எல்லாம்’, ‘பேச்சு’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. எதையும் மறைக்காமல் பேசுதல் என்று பொருள்.

அது பிறந்த இடம் ஆலயம் கிடையாது, ஏதென்ஸ் நகரத்து மக்கள் சபை. அங்கே எழுந்து மனதில் உள்ளதைப் பேசுகிற உரிமை குடிமகனுக்கு இருந்தது. அடிமைக்கும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கும், பெண்களுக்கும் இல்லை. ஆக அந்தச் சொல்லுக்குள் ஆதியிலிருந்தே இருப்பது ‘இந்த இடத்தில் பேச உனக்கு உரிமை உண்டா?’ என்ற கேள்வி. பிற்பாடு கிரேக்க எழுத்தாளர்கள் நண்பனையும் முகஸ்துதிக்காரனையும் பிரித்துக் காட்ட இதே சொல்லை எடுத்தார்கள். நம் பழைய நூல்கள் இடித்துரைத்தல் என்று சொல்வதற்கு அது மிகவும் பக்கம்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் இதற்கு இன்னொரு அழகான வார்த்தையும் உண்டு. யோவான் 7-ஆம் அதிகாரத்தில், யூதத் தலைவர்களுக்குப் பயந்து இயேசுவைப் பற்றி ஒருவரும் “தாராளமாய்ப் பேசவில்லை” என்று வருகிறது. அங்கேயும் மூலத்தில் பர்ரேசியாதான். தாராளம் என்றால் கை தாராளம், மனசு தாராளம் என்று நாம் சொல்வோமே, அதுதான். தைரியம் என்றதும் நமக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆள் நினைவுக்கு வருகிறார். தாராளம் என்றதும் இறுக்கம் தளர்ந்த ஆள். எனக்கு இரண்டாவது சொல்தான் அதிகம் பிடிக்கிறது.

சரி, பர்ரேசியா என்றால் உரிமையோடு தாராளமாகப் பேசுவது. இதன் எதிர்ப்பக்கம் மனுஷ பயம். நீதிமொழிகள் 29:25 “மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்” என்கிறது. அடிவிழும், உயிர்போகும் என்ற பயத்தைவிட, ஒருவரின் மதிப்பையும் பிரியத்தையும் இழந்துவிடுவோமோ என்ற பயமே இங்கே அதிகம். கண்ணி என்ற உவமை பொருத்தமானது. கண்ணியில் மாட்டிய பறவையை யாரும் துரத்தவில்லை, அது தானே இரை தேடி வந்தது.

## முற்றத்திலும் மன்றத்திலும்

இதையெல்லாம் ஒரே ஆளை வைத்துப் பார்க்கலாம். இயேசுவின் சீஷர்களில் முக்கியமானவரான பேதுரு.

முதல் காட்சி, இயேசு பிடிபட்ட இரவு, பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றம். குளிர். வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நிற்கிறார். வாசல் காக்கிற ஒரு பெண் கேட்கிறாள்: நீயும் அந்த மனுஷனின் சீஷரில் ஒருவன் அல்லவா? அவள் கையில் வாளும் இல்லை, அதிகாரமும் இல்லை. “நான் அல்ல” என்கிறார் பேதுரு. சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை.

இரண்டாவது காட்சி அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரம். இடையில் அதிகக் காலம் ஓடிவிடவில்லை. முடவன் ஒருவன் சுகமானதைப் பற்றி விசாரணை. இப்போது எதிரே உட்கார்ந்திருப்பது யூதர்களின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆலோசனைச் சங்கம். அன்னாவும் காய்பாவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார்கள். இயேசுவை விசாரித்த அதே காய்பா. பேதுரு அவர்களிடம், நீங்கள் சிலுவையில் அறைந்த இயேசுவின் நாமத்தினாலேதான் இந்த முடவன் சுகமானான் என்று நேராகச் சொல்கிறார். இனிப் பேசக்கூடாது என்று மிரட்டியபோது பேதுருவும் யோவானும் சொன்ன பதில், “நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே.”

அந்தச் சங்கத்தார் எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள் என்று 13-ஆம் வசனம் குறித்து வைத்திருக்கிறது. பேசியவர்கள் “படிப்பறியாதவர்கள்”. பழைய ஏதென்ஸ் கணக்குப்படி அந்த அவையில் வாய் திறக்கத் தகுதியில்லாதவர்கள். ஆனாலும் அவர்களிடம் பர்ரேசியா இருந்தது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், “அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்கள்” என்று வசனம் முடிகிறது. குடியுரிமைச் சீட்டை வேறு எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதோடு நிறுத்திவிட்டால் நல்ல ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஆகிவிடும். பயந்தவர் தைரியசாலி ஆனார், ஆமென், காணிக்கைப் பாட்டு. பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் பேதுருவின் கதை அங்கே நிற்கவில்லை.

## அந்தியோகியாவில் ஒரு பந்தி

மூன்றாவது காட்சியைப் பவுல் எழுதிவைத்திருக்கிறார், கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில். இடம் அன்றைய சிரியாவின் அந்தியோகியா. யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒரே சபையாய்க் கூடிய ஊர் அது. அங்கே வந்த பேதுரு எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். யூத வழக்கத்தில் இது சாதாரணக் காரியம் கிடையாது. யாரோடு சாப்பிடுகிறாய் என்பதுதான் நீ யார் என்பதற்கு அடையாளம். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் எருசலேமிலிருந்து, அந்தச் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் கல்லெறிய வந்த எதிரிகள் கிடையாது. சொந்தக் கூட்டம், பழைய பழக்கம், ஒரே விசுவாசம். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்ல அந்தப் பந்தியிலிருந்து “விலகிப் பிரிந்தான்” என்கிறது வசனம். அவர் எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு நாள் வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பார், மறுநாளும் அங்கேயே. அதைப் பார்த்த மற்ற யூத விசுவாசிகளும் எழுந்து போனார்கள். கடைசியில் “பர்னபாவும் இழுப்புண்டான்” என்று பவுல் எழுதும்போது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. பவுலை யாரும் நம்பாத காலத்தில் கையைப் பிடித்துச் சபைக்குள் கூட்டிவந்தவர் பர்னபா.

கவனியுங்கள், இதே விஷயத்தில் பேதுரு ஏற்கெனவே வென்றிருந்தார். ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனவர் அவர்தான். அதற்காக எருசலேமில் கேள்வி எழுந்தபோது நடந்ததை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். உண்மை அவருக்குத் தெரியும், வாதாடவும் தெரியும். காய்பாவின் முன்னால் நடுங்காத கால், தன் சொந்த ஆட்களின் முன்னால் பந்தியை விட்டு எழுந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். எதிரியின் முன்னால் தைரியமாக இருப்பதற்கும் நம்மவர்கள் முன்னால் தைரியமாக இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எதிரி என்ன நினைத்தால் நமக்கென்ன? அவனுடைய மதிப்பு நமக்குத் தேவைப்படவில்லை, அவன் கடையில் நமக்குப் பற்று இல்லை. எதிரியைத் தாக்கிப் பேசினால் நம் கூட்டம் கைதட்டவும் செய்யும். அது மனுஷரைப் பிரியப்படுத்துவதில் ஒரு வகைதான், வேஷம் மட்டும் வேறு.

## கணக்கு வாசித்த அன்று

மனுஷ பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கூட்டத்தில் நேரில் பார்த்தேன். ஊர்ப் பெயரும் சபைப் பெயரும் வேண்டாம். அசனப் பண்டிகை முடிந்து கணக்கு வாசிக்கிறார்கள். அசனம் தெரியாதவர்களுக்கு: சபையார் எல்லோருக்கும் பெரிய அண்டாக்களில் சமைத்து ஒன்றாகப் பரிமாறுகிற பண்டிகை, தென்மாவட்டங்களில் ரொம்பப் பிரசித்தம். மீதமான அரிசி மூட்டைகளை விற்ற பணம் கணக்கில் எந்த வரியிலும் வரவில்லை. மூட்டைகள் வண்டியில் ஏறியதைப் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள்.

“ஏதாவது கேள்வி உண்டா?” என்று கேட்டார் தலைமை வகித்தவர். மின்விசிறி சத்தம் மட்டும்தான். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். நான் என் கையில் இருந்த கணக்குத் தாளை மடித்தேன், திரும்ப விரித்தேன், மறுபடி மடித்தேன். ஜெபித்துக் கலைந்தோம். கேட்டைத் தாண்டி இருபது அடி போனதும் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. டீக்கடையில் அரிசி எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை என்று துல்லியமாகக் கணக்குப் போட்டோம்.

பொருளாளர் ரவுடியா? கிடையாது, ரொம்பத் தன்மையான மனிதர். அதுதான் சிக்கலே. எனக்கு அவர் தூரத்து மாமா முறை. இன்னொருவரின் மகளுக்கு வேலைக்குச் சொல்லியிருந்தார். வேறொருவர் வீட்டுத் துக்கத்தில் முதல் ஆளாக வந்து நின்றவர். ஒவ்வொருவர் பெயருக்கும் அவருடைய நோட்டில் ஒரு தொகை இருந்தது.

தமிழில் இதற்குச் சரியான வார்த்தை இருக்கிறது: முகதாட்சணியம். ஒருவரின் முகத்தைப் பார்த்தபின் நியாயத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பது. வேடிக்கை என்னவென்றால், பட்சபாதத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லிலும் முகம் இருக்கிறது. ‘முகத்தை ஏற்றுக்கொள்ளுதல்’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள்.

யோவான் 12-ஆம் அதிகாரத்தில் இப்படியொரு கூட்டம் வருகிறது. தலைவர்களிலும் பலர் இயேசுவை விசுவாசித்தார்களாம், ஆனால் ஜெப ஆலயத்திலிருந்து தள்ளப்படுவோமே என்று வாயைத் திறக்கவில்லை. காரணத்தை அடுத்த வசனம் சொல்கிறது: தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிற மகிமை அவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அவர்களிடம் விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள். உள்ளே விசுவாசம் இருந்தது. வெளியே வரும் வழியில் மதிப்பு, மரியாதை என்று ஒரு கட்டை குறுக்கே கிடந்தது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். பர்ரேசியா என்பது உரிமையோடு தாராளமாகப் பேசுவது. மனுஷ பயம் என்பது ஒருவரின் நோட்டில் நமக்குப் பற்று இருப்பது. அந்தப் பற்று எதிரியிடம் இருப்பதில்லை, நம்மவர்களிடம்தான் இருக்கும். அப்படியானால் அந்தப் பற்றை எப்படித் தீர்ப்பது?

## பவுல் ஏன் கூடாரம் தைத்தார்?

பவுல் இதைக் கொஞ்சம் நிஜமான அர்த்தத்திலேயே செய்தார். கொரிந்துவில் அவர் சபையாரிடம் பணம் வாங்கவில்லை. கூடாரம் செய்கிற தொழிலைப் பார்த்துச் சாப்பிட்டார். ஊழியக்காரனுக்குச் சபை படியளக்க வேண்டும் என்று அதே கொரிந்தியருக்கு வாதாடியும் எழுதுகிறார், ஆனால் அந்த உரிமையைத் தனக்காக எடுத்துக்கொள்ளவில்லை. பிலிப்பி சபையாரின் உதவியை மட்டும் சந்தோஷமாக வாங்கினார். யாரிடம் வாங்கினால் வாய் கட்டப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது என் ஊகம். கொரிந்தியருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால், அவர்களிடம் சம்பளம் வாங்கிய ஒருவர் அப்படி எழுதியிருக்க முடியுமா என்று தோன்றும்.

பணம் மட்டும் கதை இல்லை. கலாத்தியர் 1:10-இல் அவர் கேட்கிறார்: “மனுஷரையா பிரியப்படுத்தப்பார்க்கிறேன்?” அப்படிச் செய்தால் தான் கிறிஸ்துவின் ஊழியக்காரன் அல்ல என்கிறார். இந்த வசனம் வந்து ஒரு அதிகாரம் முடிவதற்குள் அந்தியோகியாக் கதை வந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் படிக்கக் கூடாது.

ஏழு வயதுப் பையனை இங்கே திரும்பக் கூப்பிடலாம். எபிரெயர் 4:16 “தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே” சேரச் சொல்கிறது. அங்கேயும் பர்ரேசியா என்ற சொல்தான். மனுஷருக்கு முன்னால் பேசுகிற தைரியத்துக்கும் தேவனுக்கு முன்னால் போய் நிற்கிற தைரியத்துக்கும் ஒரே பெயர். கிறிஸ்தவ உபதேசத்தில் இது தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தேவன் தன்னைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டார், அது தன் நடத்தைக்குக் கிடைத்த கூலி இல்லை, ஆகவே திரும்பப் பறிக்கப்படாது என்று நம்புகிறவனுக்கு, அங்கீகாரம் என்கிற கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பெரிய அரண்மனைக்குள் தாராளமாகப் போய்வருகிறவன் வாசல்காரனின் முகம் கோணியதைப் பார்த்துத் தூக்கம் கெட மாட்டான்.

அது தெரிந்தும் தூக்கம் கெடுகிறதே என்றால், கெடும்தான். பவுலே எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில், நான் தைரியமாய்ப் பேச எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்கிறார். அப்போது அவர் விலங்கில் இருக்கிறார். சங்கிலியோடு சிறையில் இருக்கிறவர் விடுதலையைக் கேட்காமல் தைரியத்தைக் கேட்கிறார். கேட்கிறார் என்றால் அது கையில் நிரந்தரமாக இருக்கிற பொருள் இல்லை என்றும் ஆகிறது. அப்போஸ்தலர் 4-இல் அந்தச் சங்கத்திலிருந்து விடுதலையாகி வந்த கையோடு சீஷர்கள் வேண்டிக்கொண்டதும் இதையேதான்.

## மேலிருந்து கீழே பேசினால்

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பர்ரேசியா கீழிருந்து மேலே போகிறது, அல்லது பக்கவாட்டில் போகிறது. பேசுகிறவனுக்கு அதில் இழப்பதற்கு ஏதாவது இருக்கும்.

பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு, பெயர் சொல்லாமல் ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி, ஒரு குடும்பத்தைக் குத்திக்காட்டுகிற போதகரைப் பார்த்திருப்பீர்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச அந்தக் குடும்பத்துக்கு அங்கே மைக் கிடையாது. மாமியார் மருமகளிடம் ‘உள்ளதைச் சொல்லிவிடுவது’, முதலாளி வேலையாளிடம் வெளிப்படையாக இருப்பது, முகம் தெரியாத வேற்று மதத்தாரை வாட்ஸ்அப் குழுவில் வறுத்தெடுப்பது எல்லாம் இதே ரகம். இதில் எதிலும் பேசுகிறவருக்கு ஒரு செலவும் இல்லை. செலவில்லாத இடத்தில் பர்ரேசியா என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்பேன்.

எதிர்ப்பு வந்ததனாலேயே நான் பேசியது சத்தியம் என்று முடிவு கட்டுவதும் தப்பு. முரட்டுத்தனமாகப் பேசினாலும் எதிர்ப்பு வரும். குற்றஞ்செய்து அடிவாங்கி அதைப் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன புகழ் என்று பேதுருவின் முதலாம் நிருபமே கேட்கிறது.

## எடின்பரோவில் ஒரு திருநெல்வேலிக்காரர்

மேல்நோக்கிப் பேசியதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூடத் தேற மாட்டார்கள். அசரியாவுக்கு அப்போது வயது 35. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அவருடைய நாட்டுக்குச் சுவிசேஷத்தையும் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் கொண்டுவந்தவர்கள். இந்தியச் சபைகளின் பணமும் பதவியும் பெருமளவுக்கு அவர்கள் கையில் இருந்த காலம். இதைவிடப் பெரிய பற்று நோட்டு இருக்க முடியாது.

அவர்களிடம் அவர் சொன்னார்: வெள்ளைக்கார மிஷனெரிக்கும் இந்திய ஊழியனுக்கும் நடுவில் இருக்கும் உறவு சரியில்லை, எஜமானனும் வேலைக்காரனும் மாதிரி இருக்கிறது. மிஷனெரிகளின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றென்றும் நன்றியோடு நினைக்கும் என்றும் சொன்னார். கடைசியில் வந்தது அந்தப் புகழ்பெற்ற வரி. ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

வேதம் தெரிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று உடனே பிடிபடும். ஒன்று கொரிந்தியர் 13. அன்னதானம் பண்ணினாலும் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லாவிட்டால் “பிரயோஜனம் ஒன்றுமில்லை” என்று அந்த வசனம் முடியும். அந்த முடிவை அசரியா வாயால் சொல்லவே இல்லை. அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அதை மனப்பாடமாக அறிந்தவர்கள், அவர்களே முடித்துக்கொண்டார்கள். பாராட்டு மாதிரி ஆரம்பித்து எங்கே போய்க் குத்துகிறது பாருங்கள். அரங்கில் பலருக்குக் கசந்தது. இரண்டு வருடம் கழித்து, 1912-இல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். ஆனால் எடின்பரோவில் பேசிய அன்றைக்கு அது நடக்கும் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

நம் பக்கத்துப் பந்தி விவகாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள். வில்சன் சொன்னது சரிதான். ஆனால் கல்கத்தாவிலிருந்து ஆணை போடுகிற பேராயருக்கும், அதே பந்தியில் தன் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்திருந்து “நான் அந்த வரிசையிலும் போய் உட்காருவேன்” என்று எழுந்த ஒருவருக்கும் விலை ஒன்றாக இருந்திருக்காது. அப்படி எழுந்தவர்களும் இருந்திருப்பார்கள். பெயர் தங்கியது பேராயருக்கு.

## கடிதமும் கதவும்

தைரியம் என்றால் பலர் அறிய நடக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கி.பி. 390-இல் ரோமப் பேரரசன் தியோடோசியஸ், தெசலோனிக்கே நகரத்தில் தன் படைத்தலைவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஆயிரக்கணக்கான மக்களை வெட்டிப்போட வைத்தான். மிலான் நகரப் பேராயர் அம்புரோசியார் அவனைக் கண்டித்தார். ஐரோப்பிய ஓவியங்களில் பார்த்தால், பேராயர் ஆலய வாசலில் கையை நீட்டிப் பேரரசனைத் தடுத்து நிற்பார். பார்க்க ஜோராக இருக்கும். அது பிற்காலத்தில் வளர்ந்த கதை. உண்மையில் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கடிதம். அம்புரோசியார் உடம்பு சரியில்லை என்று ஊரை விட்டு ஒதுங்கி, எழுத்தரை வைத்துக்கொள்ளாமல், நீர் ஒருவர் மட்டும் வாசிக்க வேண்டும் என்று தன் கையாலேயே எழுதினார். மனந்திரும்பாமல் நீர் வந்தால் என்னால் நற்கருணை ஆராதனை நடத்த முடியாது என்பது சாரம். பேரரசன் அடங்கி, எல்லோர் முன்னிலையிலும் மனஸ்தாபப்பட்டான்.

உன் சகோதரன் குற்றஞ்செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்று மத்தேயு 18 சொல்லும் வழி இதுதான். அப்படியானால் பவுல் ஏன் பேதுருவை எல்லோருக்கும் முன்பாக, “முகமுகமாய்” எதிர்த்தார்? ஏனென்றால் பேதுரு விலகியது எல்லோர் முன்னாலும் நடந்தது, சபையே அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட யூதரல்லாத விசுவாசிகள் அந்தப் பந்தியில் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டிய வார்த்தை அது. தனியாகச் சொல்வதா, சபையில் சொல்வதா என்பதைப் பேசுகிறவனின் கோபத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. காயம் எங்கே பட்டது என்று பார்த்தால் போதும்.

அசனக் கணக்கு விஷயத்தில் கடைசியாகப் பேசியது யார் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். கூட்டத்தில் அவரும் எங்களோடு வாயை மூடிக்கொண்டிருந்தவர்தான். டீக்கடைக்கு மட்டும் வரவில்லை. நேராகப் பொருளாளர் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த கூட்டத்தில் கணக்கில் ஒரு வரி கூடியிருந்தது. பொருளாளர் வீட்டில் வாத்தியாருக்கு ஒரு வருஷம் போல யாரும் முகம் கொடுக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை, ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் பொருளாளருக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார்.

## பேதுரு என்ன பதில் சொன்னார்?

அந்தியோகியாவில் பவுல் பேசி முடித்ததும் பேதுரு என்ன சொன்னார் என்று கலாத்தியர் நிருபத்தில் இல்லை. அங்கே அப்படியே நின்றுவிடுகிறது. பந்திக்குத் திரும்பினாரா, கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாரா, ஒன்றும் இல்லை.

ஆனால் பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் நிருபத்தின் கடைசிப் பக்கத்தில் பவுலைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. “நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுலும்” என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே, அவருடைய நிருபங்களில் சில காரியங்கள் புரிந்துகொள்ளக் கஷ்டம்தான் என்றும் எழுதியிருக்கிறது.